நெஞ்சுக்குள் போன கூழ்

வாந்தி வந்தால் எடுத்துவிடுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. நடுத்தெருவாக இருந்தாலும் சரி, சம்பந்தி வீடாக இருந்தாலும் சரி, பக்கத்தில் கலெக்டரே நின்றாலும் சரி, வாயை மட்டும் பொத்தாதீர்கள். இதை நாலு பேருக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதன் பின்னால் தானாக வந்து சேர்ந்தது.

என் பெயர் ஏழுமலை. புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறேன். சேதராப்பட்டில் ஒரு சோப்புத்தூள் கம்பெனியில் கலவைப் பிரிவில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன், அது இங்கே வேண்டாம். அப்பா அம்மா போய்விட்டார்கள். எனக்கு என்று இருப்பது ஒரே அக்கா, அஞ்சலாட்சி. வீராம்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

எங்கள் அப்பா பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் இருந்தவர். சனிக்கிழமை சாயந்திரம் மில்லிலிருந்து வந்ததும் ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பார். தோட்டத்துப் பக்கம் போய் இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு அவ்வளவையும் வாந்தி எடுப்பார். வாரம் முழுக்க உள்ளே போன பஞ்சு வெளியே வந்துவிடுமாம். மில்காரர்கள் பல பேருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. மூச்சோடு போன பஞ்சு வயிற்றிலிருந்து எப்படி வரும் என்று யாரும் கேட்டதில்லை. நாங்கள் பிள்ளைகளும் வரிசையாக நின்று எடுப்போம். மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் மட்டும் விடவில்லை. கம்பெனியில் நாள் முழுக்கத் தூள் பறக்கும், மூக்குத் துணியையும் மீறி நாக்கில் சோப்பு கரிக்கும். வயிறு மந்தமாக இருந்தால் உப்புத் தண்ணீர், இரண்டு விரல். கதை முடிந்தது.

ஆடி மாதம் வீராம்பட்டினத்தில் தேர். வருஷா வருஷம் அன்றைக்கு அக்கா வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. காலையிலேயே கூழும் கருவாட்டுக் குழம்பும். அக்கா ஊற்றும் கூழில் சின்ன வெங்காயமும் முருங்கைக் கீரையும் போட்டிருப்பாள். அளவு தெரியாமல் குடித்தேன், மேலே மேலே ஊற்றினாள். வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. வழக்கமான வைத்தியத்துக்காகத் தோட்டத்துப் பக்கம் போனேன்.

முதல் தடவை நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது தடவை குமட்டிக்கொண்டு வரும்போது மாமாவின் உறவுக்காரப் பெண்கள் கும்பலாகக் கை கழுவ வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் பட்டுப்புடவை. எனக்கு வெட்கமாகிவிட்டது. வாயை இரண்டு கையாலும் பொத்தி, தொண்டையை இறுக்கி, வந்ததை அப்படியே உள்ளே அழுத்தினேன். இடது விலாவுக்குக் கீழே எதுவோ கிழிந்தது. எனக்கே தெரிந்தது. வலி முதுகுக்கும் இடது தோளுக்கும் ஓடியது. அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

அக்கா வந்து பார்த்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டியா? வெறும் வயித்துல இழுத்துப் புடிச்சிருக்கும்டா. ரெண்டு வாய் கூழு குடி, சரியாப் பூடும்" என்றாள். மோர் விட்டு நீர்க்கக் கரைத்து ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். குடித்தேன். வலி நெஞ்சைக் குத்திக் குடைந்தது. ஆனாலும் முழுக்கக் குடித்தேன். அக்கா கொடுத்ததை மிச்சம் வைத்துப் பழக்கமில்லை.

மத்தியானம் மூச்சு விடவே முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. அக்கா நெஞ்சுக்கும் கழுத்துக்கும் தைலம் தேய்த்தாள். கழுத்தில் கை போனதும் நின்றுவிட்டாள்.

"என்னாடா இது, பொரி மூட்ட மேல கை வச்ச மாரி நொறநொறன்னுது?"

நான் பதில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ மூக்கால் பேசுவது போல இருந்தது. "ஏங்க, ஆட்டோ புடிங்க" என்று அக்கா கத்தினாள். அந்தக் கத்தலுக்குத் தேர் பார்க்க வந்த கூட்டமே திரும்பிப் பார்த்ததாக மாமா பிறகு சொன்னார்.

முதலில் போனது ஒரு சின்ன நர்சிங் ஹோம். மாரடைப்பா என்று ஈசிஜி எடுத்தார்கள், இல்லை. "சரக்கு ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். புதுச்சேரியில் பிறந்த ஆண்பிள்ளை திருவிழா நாளில் வாந்தி எடுத்துவிட்டு இல்லை என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் கிடையாது. கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டார்கள். நல்லவேளை, எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். இடது பக்கம் நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் தெரிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அவசரப் பிரிவில் என்னைச் சாய்த்து உட்காரவைத்து, விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு ரப்பர் குழாயை நெஞ்சுக்குள் செருகினார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில். நிமோனியா நீராக இருக்கும் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். வந்தது நீர் இல்லை. பழுப்பாகக் கொழகொழவென்று எதுவோ வந்தது. அதில் ஒரு வெங்காயத் துண்டு. பிறகு ஒரு முருங்கை இலை. பாட்டில் தண்ணீரில் அது விரிந்து மிதந்தது.

இளம் டாக்டர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்: "வாந்தி எடுத்தப்புறம் இவருக்கு யாரு இதக் குடுத்தது?"

அக்கா கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலேயே நகர்ந்து கதவுக்கு வெளியே போனாள். ஆஸ்பத்திரிக்குள் நான் அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

என்ன நடந்தது என்று எனக்குப் புரியும்படி விளக்கியவர் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா. தொண்டையிலிருந்து வயிற்றுக்குப் போகும் உணவுக்குழாய் நெஞ்சுக்கூட்டுக்குள் இதயத்துக்குப் பின்பக்கமாக இறங்குகிறது. வாந்தி வேகமாக மேலே வரும்போது தொண்டையை மூடிவிட்டால் அந்த வேகம் போக வழியில்லாமல் குழாயையே கிழித்துவிடும். பெரும்பாலும் இடது பக்கம், கீழ் முனையில். கிழிந்த இடம் வழியாகக் காற்று வெளியேறிக் கழுத்துத் தோலுக்கு அடியில் ஏறும், அதுதான் அந்த நொறநொறப்பு. சாப்பிட்டதும் குடித்ததும் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் கொட்டும், அங்கே சீழ் பிடிக்கும். அபூர்வமான நோய். ஒரு வெளிநாட்டுப் பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. மாரடைப்பு, அல்சர், நிமோனியா என்று பலதைப் போல வேஷம் போடுமாம். கண்டுபிடிக்கத் தாமதமாகத் தாமதமாக ஆள் பிழைப்பது கஷ்டம். வாந்திக்குப் பிறகு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கழுத்தில் நொறநொறப்பு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாசிக்கிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொண்டு அன்றே விலாவைத் திறந்தார்கள். உள்ளே இருந்ததைக் கழுவி, கிழிசலைத் தைத்து, நெஞ்சில் இரண்டு குழாயும் வயிற்றில் ஒரு குழாயும் வைத்து மூடினார்கள். வயிற்றில் இருந்த குழாய் சிறுகுடலுக்குள் போகிறது. அதன் வழியாகத்தான் சாப்பாடு, ஒரு மாவுக் கரைசல். வாய் வழியாக எதுவும் கூடாது. எச்சிலைக்கூடத் துப்பிவிட வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றி எனக்கு நினைவிருப்பது குறைவு. வெள்ளை விளக்கு, பீப் சத்தம், தொண்டைக்குள் குழாய் இருந்ததால் கேட்க முடியாத கேள்விகள். செலவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அது வேறு கட்டுரை. வார்டுக்கு மாற்றிய பிறகுதான் நான் எவ்வளவு தனி ஆள் என்பது எனக்கே உறைத்தது.

"கூட யாரு இருக்கா?" இதைக் கேட்காத நர்ஸ் இல்லை. மருந்து வாங்க ஆள், ஸ்கேனுக்குத் தள்ளிப்போக ஆள், இரவில் முதுகைப் பிடித்து உட்காரவைக்க ஆள். நம் ஆஸ்பத்திரிகள் எல்லாம் நோயாளிக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு என்று நம்பி நடக்கின்றன. மாமா காலையில் வருவார். கட்டில் ஓரமாக நிற்பார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போவார், வாங்கி வந்து வைப்பார், போய்விடுவார். அதிகம் பேசாத மனுஷன். "அக்கா எங்க மாமா?" என்றால், "வரும், வரும்" என்பார். வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வலியைவிட அந்தக் கோபம்தான் பெரிதாக இருந்தது. சாகக் கிடக்கிறேன், கூடப் பிறந்தவள் எட்டிப்பார்க்கவில்லை. திருவிழா முடிந்து உறவுக்காரர்களுக்கு விருந்து வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். ஆடி முடிந்து ஆவணியும் வந்தது.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் கொண்டுவந்தான். உட்கார்ந்ததும், "என்ன மலை, சாப்ட்டியா?" என்றான். நாக்கைக் கடித்துக்கொண்டான். நமக்கு ஒருவரைப் பார்த்ததும் முதலில் வருவது அந்தக் கேள்விதான். அதைக் கேட்க முடியாத ஆளிடம் வேறு என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹார்லிக்ஸை எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் தலைமாட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வயிறு குழாயால் நிரம்பியது. வாய்தான் பட்டினி. ஆட்கள் வருவதும் மெல்லக் குறைந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சொல்தா பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். குடலிறக்க ஆபரேஷன். மகள் பாரிஸில் இருக்கிறாள், தினமும் வீடியோவில் வருவாள். அவர் செல்போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசுவார், மகளுக்கு அவர் வழுக்கை மட்டும்தான் தெரிந்திருக்கும். நர்ஸ் ஊசி போட்டால் பிரெஞ்சில் நன்றி என்பதற்கு "மெர்சி" என்பார். ஆபரேஷன் முடிந்த பிறகு புண்ணில் நீர் கோர்த்துக்கொண்டதால் அவரும் வீட்டுக்குப் போக முடியாமல் கிடந்தார். எனக்கு முன்னால் எதையும் சாப்பிட மாட்டார், ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்னக் கீழே காப்பிக்கடைக்குப் போய்விடுவார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகு அந்தப் பரிசோதனை. தைத்த இடம் மூடிவிட்டதா என்று பார்க்க நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கத் தருவார்கள். ஓட்டை இருந்தால் நெஞ்சுக் குழாயில் நீலம் இறங்கும். மூடியிருந்தால் வராது. அவ்வளவுதான் விஷயம். துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் மாதிரியே இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தொண்டையில் இறங்கிய முதல் வாய் அது. சத்தியமாகச் சொல்கிறேன், அது இனித்தது. விழுங்குவது என்பது இவ்வளவு பெரிய சுகம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் குழாயில் நீலம் வந்தது. மெல்லிய நூலாக இறங்கிப் பாட்டிலில் கரைந்தது.

டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "கொஞ்சமாத்தான் ஒழுகுது. தானா மூட வாய்ப்பு இருக்கு, காத்திருப்போம். மூடலன்னா இன்னொரு பெரிய ஆபரேஷன். அந்த உணவுக்குழாயவே எடுத்துட்டு, வயித்த மேல இழுத்து வச்சி தைக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போனதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதேன். நெஞ்சில் தையல் போட்டவன் அழுவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் சொல்தா பெரியவர் காப்பி குடித்துவிட்டு வந்து என் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"தம்பி, கீழ ஒரு பொம்பள தெனம் என்ன மடக்குது. மருந்துக் கட எதிர்க்க வேப்பமரம் இருக்குதே, அங்கதான் உக்காந்திருக்கும். மொத நாளு நான் எந்த வார்டுன்னு கேட்டுச்சு, சொன்னேன். அதுலருந்து ஒரே கேள்விதான். 'பக்கத்து பெட்டுல ஏழுமலைன்னு இருக்காரே, அவரு டியூப்ல இன்னிக்கு என்னா கலர் வருது?'"

நான் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து உட்காரப் பார்த்தேன்.

"நேத்து நீலம்னு சொன்னேன். மண்ணுல உக்காந்து அழுதுச்சு. உன் சம்சாரமா?"

"அக்கா" என்றேன்.

மறுநாள் காலையில் மாமா வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "தெனமும் என்கூடதான் வருது. மேல வரமாட்டேங்குது. நான் குடுத்த கூழுதான் அவன் நெஞ்சுலருந்து வந்துச்சு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவனப் பாக்கறதுன்னு சொல்லுது. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எம்மேல சத்தியம் வாங்கிச்சு."

அன்றைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். அந்தக் கூழால்தான் எனக்கு இவ்வளவும் ஆனதா?

அவர் கையிலிருந்த கேஸ் ஷீட்டை மூடினார். "கிழிஞ்சது கூழால இல்ல. ஆனா அது உள்ள போனதால சேதம் கூடுச்சு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். அதே நேரம் ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு அந்தக் கீரை பாட்டில்ல வரலன்னா, நாங்க நிமோனியான்னு நெனச்சி இன்னும் ஒரு நாள் விட்டிருப்போம். அந்த ஒரு நாள் உங்களுக்கு இருந்திருக்காது."

இரண்டும் உண்மை. இரண்டையும் அப்படியே அக்காவிடம் சொல்லச் சொல்லி மாமாவை அனுப்பினேன். முதல் பாதியை முழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. அவள் மேலே வரவில்லை. ஆனால் என் கோபம் போய்விட்டது. கோபம் இருந்தவரை அது ஒரு துணையாக இருந்திருக்கிறது, போன பிறகுதான் வார்டு இன்னும் காலியாகத் தெரிந்தது.

இரண்டாவது பரிசோதனை வந்தது. மறுபடியும் சொட்டு நீலம். இந்தத் தடவை அது இனிக்கவில்லை, மருந்து மாதிரி கசந்தது. குடித்துவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சொல்தா பெரியவரும் கட்டிலை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். நர்ஸ் வந்து பார்த்தாள், போனாள், மறுபடி வந்தாள். வைக்கோல் நிறத்தில் வழக்கமான நீர்தான் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நீலம் வரவே இல்லை. டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கலாம். மெதுவா" என்றார்.

நர்ஸ் ஒரு டம்ளரில் கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. ஜன்னல் வரை நடக்க வேண்டும் என்றேன். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் பாட்டில். "பாட்டில மேல தூக்காதீங்க, நெஞ்சுக்குக் கீழதான் இருக்கணும்" என்று நர்ஸ் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். சொல்தா பெரியவர் அதற்குள் கீழே போய்விட்டார்.

ஜன்னலிலிருந்து வேப்பமரம் தெரிந்தது. பெரியவர் அவளிடம் எதுவோ சொல்லி மேலே கையைக் காட்டினார். அக்கா நிமிர்ந்தாள். இளைத்துப்போயிருந்தாள். நான் டம்ளரைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரு வாய் குடித்தேன். பிறகு இன்னொரு வாய். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதும் அவள் மேலே வரவில்லை.

நெஞ்சுக் குழாய்களை எடுத்து, கஞ்சித் தண்ணீர், அப்புறம் குழைந்த சோறு என்று படிப்படியாக ஏற்றி, ஒரு வழியாக வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். சொல்தா பெரியவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். போகும்போது என் கையைக் குலுக்கி, "பொன் கொராழ்" என்றார். தைரியமாக இரு என்று அர்த்தமாம். மாமா ஆட்டோ கொண்டுவந்தார். கருவடிக்குப்பம் என்றார் டிரைவரிடம். இல்லை, வீராம்பட்டினம் போங்க என்றேன். மாமா என் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்தாள். என் வாழ்நாளில் நான் அந்த வாசலில் கால் வைத்தபோதெல்லாம் அவள் கேட்கிற முதல் வார்த்தை 'சாப்ட்டியா' என்ற ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தள்ளிப்போய் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். மாமா எதையோ வாங்கப் போவதுபோல வெளியே நழுவினார்.

"அக்கா, பசிக்குது" என்றேன்.

"அவரு வந்ததும் ஓட்டல்ல இட்லி வாங்கியாறச் சொல்றேன்."

"கூழு இல்லியா?"

அவள் தலை நிமிரவில்லை. "இனிமே என் கையால உனக்கு ஒண்ணும் குடுக்க மாட்டன்டா."

"அப்ப நான் எங்கக்கா போயி சாப்புடுவேன்?"

அதை நான் யோசித்துக் கேட்கவில்லை. வாயில் வந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். எட்டிப் பார்த்தேன். கூழைக் கரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். வடித்ததைத் திரும்பவும் துணியில் ஊற்றி வடித்தாள். வெங்காயம் இல்லை, கீரை இல்லை. விரலால் தொட்டுத் தடவி ஒரு திப்பிகூட இல்லை என்று பார்த்தாள்.

டம்ளரோடு வந்து என் முன்னால் நின்றாள். என் கையில் கொடுக்கவில்லை. தானே என் வாயருகே பிடித்தாள். இன்னொரு கையை என் கழுத்தில் வைத்தாள், அன்றைக்குத் தைலம் தேய்த்த அதே இடத்தில். நான் ஒரு வாய் விழுங்கினேன். அவள் விரல்கள் அழுத்திப் பார்த்தன.

"நொறநொறப்பு இல்ல" என்றாள்.

"கீர எங்கக்கா?" என்றேன்.

"மூடிக்கினு குடிடா" என்றாள். டம்ளர் காலியாகும்வரை அவள் என் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.